நைட்ராக்ஸ் அடிக்க டேங்க் ஆக்ஸிஜன் கிளீனா இருக்கணுமாம், வீட்லயே கழுவலாமா?

பாண்டிக்கடல்:

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம்தான் நைட்ராக்ஸ் (சாதா காத்தை விட ஆக்ஸிஜன் அதிகமா இருக்கிற டைவிங் கேஸ்) கோர்ஸ் முடிச்சேன். கல்ஃப்ல இருந்து ஊருக்கே திரும்பி வந்துட்ட ஒரு அண்ணன்கிட்ட ரெண்டு அலுமினியம் 80 (80 கன அடி சைஸ்) டேங்க் செகண்ட்ஹேண்ட்ல வாங்கியிருக்கேன். இப்போ பிரச்சனை என்னன்னா ஒரு கடையில "ஆக்ஸிஜன் கிளீன் ஸ்டிக்கர் இல்லாம தொடவே மாட்டோம்"ங்கறாங்க, இன்னொரு இடத்துல "32 சதவீத ஆக்ஸிஜன் தானே, 40க்கு கீழ கிளீனிங் எதுவும் வேணாம் கொண்டு வா"ங்கறாங்க. ரெண்டு பேருமே பல வருஷமா தொழில் பண்றவங்க, யாரை நம்பறதுன்னு தெரியல. வீட்ல நீளமான பிரஷ் இருக்கு, பாத்திரம் கழுவுற லிக்விட் இருக்கு, சிலிகான் கிரீஸ் ஒரு ட்யூப் வாங்கி வெச்சிருக்கேன். வால்வை கழட்டி உள்ள நல்லா கழுவி காய வெச்சா போதுமா?

வால்வுக்காரன்:

தம்பி, முதல்ல அந்த சிலிகான் கிரீஸை எடுத்து தூரமா வை, அதை பத்தி அப்புறம் பேசலாம்.

நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி டேங்கை பத்தி இல்ல, கடையில கேஸை எப்படி கலக்குறாங்கங்கறது. மெம்பரேன் சிஸ்டம்னா காத்துல இருக்கிற நைட்ரஜனை வடிகட்டி எடுத்துட்டு மீதியை கம்ப்ரஸர் அமுக்கி தரும், கன்டினியூயஸ் பிளெண்டிங்னா கம்ப்ரஸர் காத்து இழுக்கிற வாயிலேயே கொஞ்சம் கொஞ்சமா ஆக்ஸிஜனை விட்டு கலப்பாங்க. ரெண்டுலயும் உன் டேங்குக்குள்ள வர்றது ஏற்கனவே கலந்த 32 தான், சுத்த ஆக்ஸிஜனை அது பார்க்கவே பார்க்காது. பார்ஷியல் பிரஷர்னா கதையே வேற. காலி டேங்குல முதல்ல 100 சதவீத ஆக்ஸிஜனை 28 பார் அழுத்தம் வரைக்கும் ஏத்துவாங்க, அதுக்கு மேல காத்தை 200 பாருக்கு அடிப்பாங்க, முடிவுல 32 வரும். மூச்சு விடறப்போ உனக்கு 32 தான், ஆனா நிரப்புறப்போ உன் வால்வும் டேங்கும் கொஞ்ச நேரம் சுத்த ஆக்ஸிஜன்ல குளிக்குது. கிளீன் பண்ணச் சொல்றது அந்த கொஞ்ச நேரத்துக்காகத்தான்.

நீ சொன்ன ரெண்டு கடையும் ஒருவேளை சரியாவே சொல்லியிருக்கலாம். கேட்டுட்டு வா.

பாண்டிக்கடல்:

கேட்டேன் அண்ணா. ஸ்டிக்கர் கேட்ட கடை பார்ஷியல் பிரஷர்தான், பெரிய ஆக்ஸிஜன் சிலிண்டர் வரிசையா நிக்குது, கோவிட் டைம்ல நாம எல்லாம் தேடி அலைஞ்ச அந்த 7 கியூபிக் மீட்டர் சிலிண்டர். இன்னொரு கடையில கேட்டா "நாங்களும் அப்படித்தான், ஆனா இத்தனை வருஷத்துல ஒண்ணும் ஆனதில்ல"ங்கறாங்க.

வால்வுக்காரன்:

அங்க போகாதே.

அலைமகன்:

நானும் அந்த 40 விதியை பல இடத்துல படிச்சிருக்கேன், அது தப்பா அப்போ? என் கோர்ஸ் புக்லயும் 40 வரைக்கும் சாதாரண ரெகுலேட்டரே (டேங்க் பிரஷரை குறைச்சு மூச்சுக்கு தர்ற சாமான்) போதும்னுதான் போட்டிருக்கு. சும்மா பயமுறுத்தி கிளீனிங் சார்ஜ் வாங்கறாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம் எப்பவுமே உண்டு, தப்பா எடுத்துக்காதீங்க.

பிளான்ட்வாசி:

நான் டைவர் மட்டுமில்ல, வேலையே சவுதியில ஆக்ஸிஜன் பிளான்ட்ல மெயின்டனன்ஸ், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

40 விதி தப்பில்ல, அதை பாதி மட்டும் படிக்கறதுதான் தப்பு. அமெரிக்க தொழில் பாதுகாப்புத் துறை ஓஷாவோட கமர்ஷியல் டைவிங் விதியில என்ன இருக்குன்னா, 40 சதவீதத்துக்கு மேல ஆக்ஸிஜன் படற பாகம் எல்லாம் எரியக்கூடிய பொருள் இல்லாம சுத்தம் பண்ணியிருக்கணும், 125 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல உள்ள ஆக்ஸிஜன் லைன்ல மெதுவா திறக்கிற வால்வுதான் இருக்கணும். கவனிங்க, "படற பாகம்". கடைசியா டேங்குல என்ன மிக்ஸ் நிக்குதுங்கறது இல்ல, வழியில என்ன பட்டுச்சுங்கறதுதான் கணக்கு. கேஸ் இண்டஸ்ட்ரியில நாங்க இன்னும் கறார், 23.5 சதவீதம் தாண்டினாலே அதை ஆக்ஸிஜன் செறிஞ்ச கேஸ்னுதான் நடத்துவோம். டைவிங்ல 40 வரைக்கும் சாதாரண சாமான் பல வருஷமா ஓடிக்கிட்டிருக்கு, அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா பார்ஷியல் பிரஷர்ல போற டேங்குக்கு அந்த 40 பொருந்தவே பொருந்தாது.

சரி, சும்மா கிடக்கிற டேங்குல தீ எங்கிருந்து வரும்னு கேப்பீங்க. தீப்பெட்டி வேணாம், வால்வை படார்னு திறந்தாலே போதும். சைக்கிளுக்கு காத்தடிக்கும்போது பம்ப்போட அடி சுடும்ல, அதேதான் இங்கயும். 150 பார் ஆக்ஸிஜன் ஒரே நொடியில ஒரு ஹோஸுக்குள்ள பாய்ஞ்சு அந்த பக்கம் மூடியிருக்கிற வால்வுல முட்டி அமுங்கினா, ஏட்டுக் கணக்குப்படி அந்த முனையில சூடு 950 டிகிரிக்கு போகும். நிஜத்துல உலோகம் கொஞ்சம் சூட்டை உறிஞ்சிடும், அவ்ளோ ஏறாது. ஆனா ஒரு சொட்டு எண்ணெய் பத்திக்க அதுல பாதி கூட வேணாம். எண்ணெய் பத்தும், அது ஓ-ரிங்ங்கற ரப்பர் வளையத்தை பத்த வைக்கும், ஓ-ரிங் சீட்டை (வால்வு மூடும்போது அடைக்கிற பாகம்), அப்புறம் உலோகமே எரிய ஆரம்பிக்கும். அலுமினியம் எரியுமான்னு சிரிக்காதீங்க, 1999ல அமெரிக்காவுல மருந்து, மருத்துவ சாதனங்களை கண்காணிக்கிற எஃப்டிஏவும் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நியோஷும் சேர்ந்து ஒரு எச்சரிக்கை விட்டாங்க, ஆம்புலன்ஸ்லயும் ஆஸ்பத்திரியிலயும் ஆக்ஸிஜன் சிலிண்டர்ல மாட்டுற அலுமினிய ரெகுலேட்டருங்க தீப்பிடிச்சு வெடிச்சு ஆளுங்களுக்கு காயமானதால, பித்தளைக்கு மாறுங்கன்னு.

துகளும் அப்படித்தான். துரு செதிலோ த்ரெட்ல இருந்து உதிர்ந்த உலோகத் தூளோ வேகமா போய் ஒரு வளைவுல மோதினா பொறி. அதனால கிளீன்னா எண்ணெய் மட்டும் இல்ல, தூசும்தான்.

சுழியோடி:

நான் மட்டக்களப்பு. எங்கட பக்கம் ஹேர்மிஸ் கப்பல் கிடக்குது தெரியும்தானே, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் மூழ்கடிச்ச பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், ஐம்பது மீற்றருக்கும் கீழ. அதுக்குப் போற சுழியோடிகள் திரும்பி வரேக்க 21 மீற்றரில 50 வீத ஒட்சிசனும், 6 மீற்றரில சுத்த ஒட்சிசனும் பாவிப்பாங்க. அதால இந்த நிரப்புற வேலையை நான் நிறையப் பாத்திருக்கன்.

ஒருக்கா நடந்ததை சொல்றன், இடம் ஆள் வேண்டாம். ஒரு சின்ன டேங்குக்கு 50 வீதம் கலக்க வேணும், அதுக்கு ஒட்சிசன் 70 பாருக்கு மேல ஏத்த வேணும். டேங்கில ஸ்டிக்கர் புதுசு, எல்லாம் சரி எண்டுதான் நினைச்சம். உதவிக்கு நிண்ட பெடியன் பெரிய சிலிண்டரை அவசரத்தில ஒரே சுத்தா திறந்துட்டான். டிக் எண்டு ஒரு சத்தம், பெருசா ஒண்டும் இல்ல, பிறகு ரப்பர் கருகின மணம். உடனே மூடி எல்லாரும் வெளிய போய்ட்டம். ஆறின பிறகு வால்வை கழட்டிப் பாத்தா சீட் கறுத்துப் போய்க் கிடக்கு, ஓ-ரிங்கில அரைவாசி இல்ல. ஏன் எண்டு பாத்தா, கிளீன் பண்ணின பிறகு யாரோ வால்வு லீக் எண்டு சொல்லி வேற இடத்தில சாதாரண ஓ-ரிங்கும் சாதாரண கிரீஸும் போட்டுக் குடுத்திருக்கினம். ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருந்திருக்கு. அண்டைக்கு யாருக்கும் ஒண்டும் ஆகல. அந்த மணம் இண்டைக்கும் எனக்கு மூக்கில நிக்குது.

அலைமகன்:

சாரி, நான் கிளீனிங் சார்ஜ் பத்தி சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். இப்படி எனக்கு யாரும் சொன்னதில்ல.

பாண்டிக்கடல்:

படிச்சிட்டு ராத்திரி தூக்கமே வரல. அண்ணா, அப்போ சிலிகான் கிரீஸ் எரியுமா? அதை டைவிங் கடையிலதான் குடுத்தாங்க.

வால்வுக்காரன்:

காத்து அடிக்கிற சாமானுக்கு அது நல்ல கிரீஸ்தான், சுத்த ஆக்ஸிஜனுக்கு ஆகாது. ஆக்ஸிஜனுக்குன்னே இருக்கிறது கிறிஸ்டோலூப், கிரைடாக்ஸ் மாதிரி ஃப்ளோரின் வகை கிரீஸ். ஒரு சின்ன ட்யூப் விலை கேட்டா பகீர்னு இருக்கும், ஆனா ஒரு வால்வுக்கு அரிசி மணி அளவுதான் செலவாகும், பல வருஷம் வரும். அதே மாதிரி ஓ-ரிங்கும் சாதாரண நைட்ரைல் ரப்பர் வேண்டாம், வைட்டான் ரப்பர் போடணும். கழுத்துல வர்ற பெரிய ஓ-ரிங் 214 சைஸ், வால்வுக்கு உள்ள இருக்கிறதுக்கு அந்தந்த வால்வோட சர்வீஸ் கிட் இருக்கு.

நிறைய பேர் குழப்பிக்கறது இங்கதான். கிளீன்ங்கறது வேற, கம்பாட்டிபிள்ங்கறது, அதாவது ஆக்ஸிஜனுக்கு ஒத்துப்போற பொருள்ங்கறது, வேற. வைட்டானும் கிறிஸ்டோலூப்பும் போட்டுட்டு எண்ணெய் கையோட மாட்டினா அது கம்பாட்டிபிள், கிளீன் இல்ல. பளபளன்னு கழுவிட்டு பழைய நைட்ரைலையே திரும்ப போட்டா அது கிளீன், கம்பாட்டிபிள் இல்ல. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஆக்ஸிஜனுக்கு ஆகும்.

இப்போ கழுவுற முறை சொல்றேன், ஆனா முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், இதை படிச்சிட்டு நீயே பண்ணி நீயே ஸ்டிக்கர் ஒட்டிக்கறதுக்காக இல்ல. கடையில என்ன பண்றாங்கன்னு பக்கத்துல நின்னு பார்த்து கேள்வி கேக்க தெரியணும், அதுக்காக. பண்ணணும்னு ஆசைன்னா இன்ஸ்பெக்‌ஷன் கோர்ஸும் ஆக்ஸிஜன் சர்வீஸ் கோர்ஸும் இருக்கு, படிச்சிட்டு பண்ணு.

டேங்கை அவசரமில்லாம மெதுவா காலி பண்ணி, பிரஷர் சுத்தமா போயிடுச்சுன்னு உறுதி பண்ணிட்டுத்தான் வால்வை கழட்டணும். உள்ள லைட் விட்டு பார்க்கணும், அரிப்பு, குழி, கழுத்து த்ரெட்ல விரிசல் எல்லாம். இதுல பாஸ் ஆகாத டேங்கை கழுவறதே வேஸ்ட். ஸ்டீல் டேங்குல துரு இருந்தா உள்ள கல்லு மாதிரி மீடியா போட்டு உருட்டி துருவை எடுத்துட்டுத்தான் மத்தது. அப்புறம் நல்ல சுடுதண்ணியில ஆக்ஸிஜன் கிளீனிங்குக்குன்னு விக்கிற டிடர்ஜெண்ட், புளூ கோல்டு மாதிரி, கலந்து பாதி ஊத்தி உருட்டி, நைலான் பிரஷ்ஷால தோள்பட்டை, அடி வளைவு எல்லாம் தேய்க்கணும். பாத்திர லிக்விட் வேண்டாம், வாசனைக்கும் கைக்கு மென்மைக்கும் சேர்க்கிற சமாச்சாரம் உள்ளேயே படலமா தங்கிடும். காஸ்டிக் சோடா மாதிரி காரமான எதையும் அலுமினியத்துல ஊத்திடாத, அது உலோகத்தையே தின்னும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் பக்கமே போகாத, எதை எடுக்கணும்னு கழுவறோமோ அதையே உள்ள விட்ட மாதிரி ஆகிடும். அந்த காலத்துல ஃப்ரீயான் 113னு ஒண்ணு இருந்துச்சு, ஊத்தினா எண்ணெய் கரைஞ்சு அதுவா ஆவியாகிடும், ரொம்ப வசதி. ஓசோனை கெடுக்குதுன்னு 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் எல்லாரும் சோப்புத் தண்ணிக்கு வந்தோம்.

கழுவறதை விட அலசறதுல நேரம் போகணும். கடைசி அலசல் தண்ணியை சுத்தமான கண்ணாடி பாட்டில்ல புடிச்சு குலுக்கிப் பாரு. நுரை நின்னா சோப்பு இன்னும் இருக்கு, திரும்ப அலசு. அப்புறம் சுவர்ல தண்ணி எப்படி வழியுதுன்னு பார்க்கணும், ஒரே சீரா படலமா வழிஞ்சா நல்லது, தாமரை இலையில நிக்கிற மாதிரி முத்து முத்தா பிரிஞ்சா அங்க எண்ணெய் இருக்கு. காய வைக்க நைட்ரஜனோ எண்ணெய் இல்லாத காத்தோ மட்டும்தான். இத்தனையும் பண்ணிட்டு சாதா கம்ப்ரஸர் காத்தால ஊதி காய வைக்கிறதை என் கண்ணால பார்த்திருக்கேன். ஸ்டீல்னா வேகமா காய வைக்கணும், இல்லன்னா நிமிஷத்துல மஞ்சளா துரு பூத்துடும்.

கடைசியா பிளாக் லைட், அதாவது புற ஊதா லைட். நிறைய எண்ணெய் அதுல நீலமா மின்னும், ஆனா எல்லா எண்ணெயும் மின்னாது, அதனால "ஒண்ணும் மின்னல, கிளீன்"னு முடிவு பண்ணிடக் கூடாது. சாதா வெள்ளை லைட், பஞ்சு விடாத துணியால தொடச்சு பார்க்கிறது, எல்லாம் சேர்த்துதான்.

வால்வை முழுசா பிரிச்சு அல்ட்ராசோனிக் தொட்டியில போட்டு, பச்சைக் களிம்பு புடிச்சிருந்தா லேசான ஆசிட் கலவையில கொஞ்ச நேரம் மட்டும், அதிக நேரம் விட்டா க்ரோம் உரிஞ்சுடும். பவுடர் இல்லாத கிளவுஸ் போட்டு மாட்டணும், டூல்ஸும் தனி. என் பெஞ்ச்ல ஆக்ஸிஜன் வேலைக்குன்னு வெச்சிருக்கிற ஸ்பேனரை வேற யாரும் எடுத்தா எனக்கு கெட்ட கோவம் வரும்.

அலைமகன்:

அண்ணா இதெல்லாம் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டியாச்சு, எவ்ளோ நாள் தாங்கும்? ஒரு வருஷமா?

பிளான்ட்வாசி:

இதுதான் இந்த மொத்த விஷயத்துலயும் முக்கியமான கேள்வி. வருஷக் கணக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு. கிளீனா இருக்கிறது அடுத்த தடவை அழுக்கு காத்து அடிக்கிற வரைக்கும்தான், அது நாளைக்கே கூட இருக்கலாம்.

கணக்கு போட்டு காட்டறேன். அமெரிக்காவுல சாதாரண டைவிங் காத்துக்கு கிரேட் ஈன்னு ஒரு தரம் இருக்கு, அதுல ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராம் எண்ணெய் வரைக்கும் ஓகே. மூச்சு விட அது போதும். அலுமினியம் 80ல ஒரு பில்லுக்கு, அதாவது ஒரு தடவை நிரப்ப, கிட்டத்தட்ட 2.2 கன மீட்டர் காத்து போகுது, அப்போ அதிகபட்சமா 11 மில்லிகிராம் எண்ணெய் உள்ள போகலாம். 100 பில்லுன்னா ஒரு கிராமுக்கு மேல. எல்லாம் உள்ளேயே தங்காது, காத்தோட கொஞ்சம் வெளிய போகும், ஆனா சுவர்லயும் வால்வு மூலையிலயும் படியறது படியும். ஆக்ஸிஜனோட கலக்கிற காத்துக்கு 0.1 மில்லிகிராம், அதாவது ஐம்பதுல ஒரு பங்கு. அந்த தரத்துக்கு வர கம்ப்ரஸருக்கு அப்புறம் இன்னொரு ஃபில்டர், கார்பனும் மாலிக்யூலர் சீவும் போட்டு, ஹைப்பர் ஃபில்டர்னு சொல்வாங்க, அது வேணும், அதையும் நேரத்துக்கு மாத்தணும்.

அதனால பாண்டிக்கடல், உன் டேங்க் எவ்ளோ கிளீன்னு கடைக்காரர் உன்னை கேக்கறாரே, நீயும் அவரை கேளு, ஆக்ஸிஜனுக்கு மேல நீங்க அடிக்கிற காத்து எவ்ளோ கிளீன்னு. அதை கேக்க உனக்கு முழு உரிமை இருக்கு.

பாண்டிக்கடல்:

கேட்டேன்! கோவப்படுவாங்கன்னு நினைச்சேன், ஆனா அவர் உள்ள கூட்டிட்டு போய் ஃபில்டர் டவர், மாத்தின தேதி எழுதின நோட்டு, காத்து டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் காட்டினார். நல்ல மனுஷன். டேங்க் ரெண்டையும் அங்கேயே குடுத்துட்டேன்.

ஆனா ஒரு சிக்கல். ஒண்ணோட தோள்ல 3ஏஎல்னு (அலுமினிய டேங்குக்கான அமெரிக்க முத்திரை) அடிச்சிருக்கு, முதல் டெஸ்ட் தேதி 1986. அதை பார்த்ததும் அவர் முகமே மாறிடுச்சு, 6351னு என்னமோ சொன்னார்.

வால்வுக்காரன்:

அவர் சொன்னது சரி. 6351ங்கறது பழைய அலுமினிய கலவை. பல வருஷம் பிரஷர்ல நின்னு நின்னு கழுத்து த்ரெட்ல மெல்லிசா விரிசல் விடும், சிலது நிரப்பும்போதே வெடிச்சிருக்கு. 80கள் கடைசியிலேயே லக்ஸ்ஃபர் கம்பெனி அமெரிக்காவுல அதை விட்டுட்டு 6061 கலவைக்கு மாறிட்டாங்க. அந்த பழைய டேங்குக்கு அங்க எடி கரண்ட் டெஸ்ட் (மின்காந்தத்தால விரிசல் தேடுறது) கட்டாயம், அது பாஸ் ஆனாலும் நிறைய கடையில நிரப்ப மாட்டாங்க. ஆக்ஸிஜனை விடு, காத்துக்கே நான் அதை தொட மாட்டேன். உனக்கு வித்தவருக்கும் தெரிஞ்சிருக்காது, அவரை திட்டாத. வால்வை மட்டும் எடுத்துக்கிட்டு டேங்கை திரும்ப யாரும் பயன்படுத்த முடியாதபடி அறுத்துடு. பாதி விலை போச்சேன்னு வருத்தம் இருக்கும், புரியுது.

பாண்டிக்கடல்:

வருத்தம்தான் அண்ணா, ஆனா அதை என் பைக்ல முன்னாடி வெச்சு கட்டிக்கிட்டு போயிருக்கேன்னு நினைச்சா வயித்தை கலக்குது. அறுத்தாச்சு.

இன்னொண்ணு 2009 மாடல், நல்லா இருக்கு. கிளீன் பண்ணும்போது பக்கத்துல நின்னு பார்த்தேன். முதல் தடவை அலசினப்போ பாட்டில்ல நுரை நின்னுச்சு, அவரே தலையை ஆட்டிட்டு திரும்ப அலசினார், நாலு தடவை. வால்வுக்குள்ள இருந்து வந்த பழைய கிரீஸ் கறுப்பா தார் மாதிரி இருந்துச்சு. நேத்து முதல் பில். ஆக்ஸிஜன் 28 பார் ஏத்தவே ஆறு நிமிஷத்துக்கு மேல ஆச்சு, நிமிஷத்துக்கு 5 பார்தான் விடுவேன்னு கேஜை விட்டு கண்ணை எடுக்காம நின்னார், வால்வை அவர் திறந்த விதம் இருக்கே, தூங்கற குழந்தையை தாண்டி நடக்கற மாதிரி. ஆறினதும் நானே ஆக்ஸிஜன் அனலைசர் வெச்சு பார்த்தேன், 31.4 சதவீதம். டேப்ல மிக்ஸ், தேதி, அதிகபட்ச ஆழம் 34 மீட்டர், என் பேர் எல்லாம் எழுதி ஒட்டிட்டேன்.

சுழியோடி:

சந்தோசம் மனே. திறக்கிறது எப்பவும் அப்படித்தான், உன்ர ரெகுலேட்டரை மாட்டித் திறக்கேக்கையும் மெதுவாத் திற. எங்கட பக்கம் வந்தா சொல்லு.

பாண்டிக்கடல்:

கண்டிப்பா அண்ணே, அடுத்த மாசம் முதல்ல ராமேஸ்வரம் பக்கம் ஒரு ட்ரிப் இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். அங்க ஒரு சின்ன கம்ப்ரஸர்தான் இருக்காம், ஃபில்டர் எப்போ மாத்தினாங்கன்னு யாருக்கும் தெரியல. ரெண்டு நாள் சும்மா காத்துதான் அடிக்கப் போறேன், நைட்ராக்ஸ் இல்ல. அதுக்கு இந்த டேங்கை எடுத்துட்டு போலாமா?

வால்வுக்காரன்:

முடிஞ்சா அங்கேயே வாடகைக்கு ஒரு டேங்க் எடுத்துக்க, அதான் சுலபம். வேற வழியில்லன்னா தாராளமா எடுத்துட்டு போ, ஆனா முதல் பில்லுக்கு முன்னாடியே அந்த ஆக்ஸிஜன் ஸ்டிக்கரை உன் கையால கிழிச்சிடு, திரும்பி வந்து மறுபடி கழுவிக்கலாம். நீ மறந்துட்டா அந்த ஸ்டிக்கரை நம்பி வால்வை திறக்கப் போறது அந்த ஆறு நிமிஷம் நின்னாரே, அவர்தான்.

பாண்டிக்கடல்:

வாடகை டேங்க் சொல்லியாச்சு அண்ணா. இது வீட்ல கொஞ்சம் பிரஷரோட, வால்வுக்கு மூடி போட்டு நிக்குது.